கம்பில்லாத பாதி

அவரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அங்கெல்லாம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற வார்த்தை அதுதான். "அங்கெல்லாம் ரோட்டுல ஒரு காகிதம் கிடக்காது." "அங்கெல்லாம் லாரிக்காரன் ஹாரன் அடிக்கமாட்டான்." "அங்கெல்லாம் டீயில இவ்வளவு சர்க்கரை கொட்டமாட்டான்." இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட டீக்கடைக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். மறுநாள் காலையில், "வாங்க அங்கெல்லாம், சர்க்கரை இல்லாம ஒன்னு போடட்டுமா?" என்றார். அன்றிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமை.

அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கோணி தைப்பது என் தொழில். கிழிந்த கோணிக்கு ஒட்டுப்போடுவேன், புதுக் கோணிக்கு வாய் மடித்து அடிப்பேன். என் மெஷின் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் நடையைத் தாண்டிச் சமையலறை தெரியும், சமையலறையின் பின்கதவைத் தாண்டி பீன்ஸ் வயல் தெரியும். அந்த வீட்டில் பேசுவது என் காதில் விழும். விழாவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வாடகையில் அதுவும் சேர்த்திதான்.

ஒன்பது வருஷம் அவர் வெளிநாட்டில் இருந்தார். பீன்ஸ் விளைகிற நாடு. இங்கேயும் பீன்ஸ்தான். அவர் போனபோது மகளுக்குப் பள்ளிக்கூட வயசு. இப்போது அவள் மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். இடையில் வயலைப் பார்த்துக்கொண்டது அக்காதான். அவர் மனைவியை நான் அக்கா என்பேன், அவரை மாமா என்பேன். இரண்டு பேரும் எனக்குச் சொந்தம் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆகிவிட்டது.

திரும்பி வந்த அன்றைக்கு ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். அதை வண்டியிலிருந்து இறக்க என்னையும் கூப்பிட்டார். கல்லைக் கட்டி வைத்த மாதிரி கனம். மகள் வேலைக்குக்கூடப் போகாமல் பெட்டி பக்கத்திலேயே நின்றாள். அவர் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பீன்ஸ் பயறு. பை பையாக, பெட்டி நிறைய.

"இது என்னப்பா?" என்றாள் மகள்.

"விதைம்மா. முதல் தரம். ஒன்னு கூட ஒடைஞ்சது இருக்காது, ஒன்னுல கூட ஒரு புள்ளி இருக்காது. எடுத்துப் பாரு."

"துணி?"

"என்ன துணி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். நிஜமாகவே அழகான பயறுதான். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. சிரிப்பை அடக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

இங்கே விளைவது கொடி பீன்ஸ். கம்பு நட்டு, கொடி ஏற்றி, காய் முற்ற முற்றப் பறித்து, உரித்துக் காயவைக்க வேண்டும். அக்காவின் விதையில் சிவப்புப் புள்ளி இருக்கும். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் எந்தக் கொடி நோய் விழாமல் நின்றதோ அதில் நாலு காயைப் பறிக்காமல் விட்டு, கொடியிலேயே காயவைத்து அடுத்த விதைக்கு எடுப்பாள். அந்தக் காயை யாராவது தெரியாமல் பறித்துவிட்டால் தொலைந்தார்கள்.

விதைப்புக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், அக்கா கொல்லையில் உட்கார்ந்து கம்புகளைக் கூர் சீவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கட்டு பழைய கோணியோடு பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து நின்றார்.

"இவ்வளவு கம்பு எதுக்கு?"

"பீன்ஸ் ஏறுறதுக்கு. பின்ன உங்கள அடிக்கவா?"

"அங்கெல்லாம் கம்பே கிடையாது தெரியுமா? செடி முழங்கால் உசரம்தான். தானா நிக்கும். எல்லாக் காயும் ஒன்னா காயும். மெஷின் வந்துச்சுன்னா, இந்தப் பக்கம் செடி போகும், அந்தப் பக்கம் பயறு கொட்டும். கண்ணுக்கு எட்டுற வரைக்கும் பீன்ஸ் காடு. ஒரே ஒரு ஆளு."

"மத்தவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"எந்த மத்தவங்க?"

"அந்த ஒரு ஆளத் தவிர ஊர்ல வேற யாருமே இல்லையா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "ஷெட்டுல இருப்பாங்க" என்றார். உடனே பேச்சை மாற்றினார். "நீ ஒரு கொடியில எத்தன தடவ பறிக்கற?"

"அது காய்க்கற வரைக்கும் பறிப்பேன்."

"அதான் தப்புங்கறேன். இன்னைக்கு நாலு, நாளைக்கு நாலு. எப்பவும் வயல்லயே கிடக்கணும். அங்கெல்லாம் ஒரே அறுப்பு. முடிஞ்சுது வேலை."

"உங்க செடி எல்லாம் ஒன்னா காய்ஞ்சு நிக்கறப்ப மழை வந்துச்சுன்னா? எல்லாம் ஒன்னாப் போகும். எனக்கு ஒரு பறிப்பு போனாலும் அடுத்த பறிப்பு இருக்கு."

"அங்கெல்லாம் அறுப்பு நேரத்துல மழை வராது."

"ஏன், வானத்துக்கும் மேஸ்திரி போட்டு வச்சிருக்காங்களா?"

பின்கதவில் நின்றிருந்த மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போனதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம்.

"சிரிங்க" என்றார். "நல்லா சிரிங்க. நான் இங்க வந்ததிலிருந்து இதத்தான் பாக்கறேன். தண்ணி எப்ப விடணும்னு இவளுக்குத் தெரியுது. கரண்ட் பில்லு எங்க கட்டணும்னு பொண்ணுக்குத் தெரியுது. கதவு ஒட்டிக்கிட்டா எப்படித் தள்ளணும்னு வாடகைக்கு இருக்கற தம்பிக்குத் தெரியுது. எனக்கு என்ன வேலை இங்க? சரி, ஒன்னு பண்ணுவோம். வயல்ல பாதிய எனக்குக் குடு. அங்க எப்படிப் பண்ணுவாங்களோ அப்படியே பண்றேன். கம்பு கிடையாது. நல்லா வந்துச்சுன்னா இங்கயே இருக்கேன். வரலன்னா திரும்பிப் போயிடறேன். எங்க மேஸ்திரி என் இடத்த எனக்குன்னே வச்சிருக்கான். அங்க சீசன் தொடங்குறது அடுத்த மாசக் கடைசி. அதுவரைக்கும் வச்சிருப்பான்."

 அக்கா சீவின கம்பையே திரும்பவும் சீவினாள்.

"மேட்டுப் பக்கப் பாதிய எடுத்துக்கங்க" என்றாள் கடைசியில். "அங்க தண்ணி நிக்காது."

அவர் உள்ளே போனதும் நான் மெதுவாகக் கேட்டேன். "ஏன்க்கா, போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஒரு தடவ சொன்னேன் தம்பி. ஒன்பது வருஷம் முன்னாடி, இதே வாசல்ல, பொண்ண இடுப்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன். கேக்கல. ரெண்டாவது தடவ சொல்ற வாய் எனக்கு இல்ல." கம்பை ஓரமாகப் போட்டாள். "ஆனா அவரு போகக்கூடாது. தோத்துட்டுப் போனாருன்னா அப்புறம் வரமாட்டாரு."

மகளுக்கு வேறு கணக்கு. அடுத்த நாள் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "போன்ல இருந்தப்ப நல்லா இருந்தாரு அண்ணே. வாரா வாரம் கூப்பிடுவாரு. அங்க பயிர் இப்படி இருக்கு, பூ விட்டுடுச்சு, காடு பச்சப் பசேல்னு இருக்குன்னு பேசுவாரு. நல்லா இருக்கும் கேக்க. நேர்ல வந்து நம்ம ஊர்ல சர்க்கரை ஜாஸ்திங்கறாரு."

விதைப்பு நாள் வந்தது. ஈரமான காற்று, மேகம் மூடின வானம், வேலை செய்ய வசதியான நாள். மாமா கயிறு கட்டி, கோடு பிடித்தது போல வரிசை போட்டார். ஒவ்வொரு பயறையும் விரலால் அளந்து அளந்து வைத்தார். ஒரு பயறைத் தவறிப்போய்ப் பக்கத்து வரிசையில் போட்டுவிட்டால் அதைத் தேடி எடுத்து மறுபடி வைப்பார். அவர் முதுகில் வியர்வை சட்டையோடு ஒட்டியிருந்தது. பழக்கமில்லாத குனிதல் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாலு வரிசைக்கு ஒரு தடவை இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார். அக்கா கீழ்ப்பாதியில் கம்பை நட்டு, கம்புக்கு மூன்று விதையாகக் குத்திக்கொண்டே போனாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

நடுவில் தண்ணீர் குடிக்க வந்தபோது மாமாவின் பையிலிருந்து ஒரு பயறை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இது விதைக்குன்னு எடுத்து வச்சதுங்களா, இல்ல சாப்பாட்டுக்கா?"

"நல்ல பயறு ரெண்டுக்கும் நல்லதுதான். அங்க பெல்ட்டுல வர்றதுல பொறுக்கி எடுத்தது. இத விட நல்லது உலகத்துல கிடையாது."

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று பயறைப் பைக்குள் போட்டுவிட்டாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும்.

வாரம் ஒன்று போனது. கீழ்ப்பாதியில் மண் வெடித்து, கூன் விழுந்த முளைகள் தலை தூக்கின. மேட்டுப் பாதியில் அங்கொன்று இங்கொன்று. மாமா காலையில் பல் துலக்கும் பிரஷோடு போய் வரப்பில் நிற்பார். மத்தியானம் நிற்பார். சாயங்காலம் உட்கார்ந்துவிடுவார்.

"மண்ணு குளிர்ந்து கிடக்கு" என்றார் ஒரு நாள். "இது வேற ஜாதி. கொஞ்சம் மெதுவா வரும்" என்றார் மறுநாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு சாயங்காலம் வாசலில் நின்று அந்த ஊர் மேஸ்திரியோடு போனில் பேசினார். அந்த ஊர் பாஷை எங்களுக்குப் புரியாது. ஆனால் இறங்கின குரல் எந்த பாஷையிலும் இறங்கின குரல்தான். அக்கா அடுப்புப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வெந்த பயறு அடிப்பிடித்துவிட்டது.

அடுத்த நாள் அவளாகவே அவரிடம் பேச்சைத் தொடங்கினாள்.

"என்னங்க, வெளியூர்ல செடி பீன்ஸ் அடிக்கற மெஷின் ஒன்னு விலைக்கு இருக்குன்னு சொன்னீங்களே. போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"செடியே வரல. மெஷின எதுக்குப் பாக்க?"

"வரும். வந்ததுக்கு அப்புறம் ஓடமுடியாது. இப்பவே பாத்து வைங்க."

மாமா அவளை நம்பாமல் பார்த்தார். ஆனால் அந்த வெற்று மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது மேல் என்று நினைத்திருக்க வேண்டும். போய், அங்கேயே தங்கி, மறுநாள்தான் வந்தார்.

பஸ் கிளம்பின சத்தம் அடங்குவதற்குள் அக்கா என் மெஷின் முன்னால் வந்து நின்றாள். கையில் சின்ன மூட்டை. அவளுடைய சிவப்புப் புள்ளி விதை.

"தம்பி, மெஷின நிறுத்து. வயலுக்கு வா."

"எதுக்குக்கா?"

"மேட்டுப் பாதியில விதைக்கணும். அவரு வர்றதுக்குள்ள."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, இது கொடி ஆச்சே! வளந்தா தெரிஞ்சுடாதா?"

"தெரியும். ஆனா கொடி ஓடுறதுக்கு நாளாகும்ல. அதுவரைக்கும் செடியும் கொடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்குள்ள அங்க சீசன் தொடங்கிடும். மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவான். அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும். திட்டட்டும், என்ன வேணா பண்ணட்டும். இங்க இருந்துக்கிட்டு திட்டட்டும்."

மகள் வேலைக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "அம்மா, இது ஏமாத்து வேலை" என்றாள்.

"ஆமா. ஏமாத்து வேலைதான்."

"போறவரு போகட்டும்மா. இத்தன வருஷம் நாம நல்லாத்தானே இருந்தோம்?"

"நீ நல்லா இருந்த" என்றாள் அக்கா.

அதில் கோபம் எதுவும் இல்லை. சும்மா ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பை உதறிவிட்டு எங்களோடு வந்தாள். மருந்துக்கடைக்குப் போன் போட்டு வயிற்று வலி என்று சொன்னாள்.

அவருடைய கயிறு அப்படியே இருந்தது. அதே கோட்டில் விதைத்தோம். பழைய பயறைத் தோண்டினபோது சில பயறு மண்ணுக்குள் அழுகிக் கிடந்தது. சில பயறு நேற்றுப் போட்டது மாதிரி வெள்ளையாகவே கிடந்தது. மகள் ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

"சூட்டுல காயவச்சிருப்பாங்க" என்றாள் அக்கா. "சாப்பாட்டுக்குன்னா என்ன சூடு வேணாலும் வைக்கலாம். உள்ள உசிரு போயிடும்."

அவர் வந்தார். மெஷின் சரியில்லை, துரு ஏறிக் கிடக்கிறது என்றார். அப்புறம் ஒரு வாரத்தில் மேட்டுப் பாதி முழுவதும் முளைத்தது. அவர் வரிசையில், அவர் அளவில், ஒன்று கூடத் தவறாமல்.

அன்று காலை அவர் வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். ஒரு முளையின் பக்கத்தில் குனிந்து, தலையில் ஒட்டியிருந்த தோலை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? மெதுவா வரும்னு சொன்னேன்ல?"

"ஆமாங்க" என்றாள் அக்கா. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்கெல்லாம் இப்படித்தான். வர்ற வரைக்கும் வராது. வந்தா ஒரேயடியா வரும்."

டீக்கடையில் போய்ச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் சொன்னார். வழியில் போன யாரையோ இழுத்து வந்து காட்டினார். அன்று மத்தியானம் வாசலில் நின்று மேஸ்திரியோடு ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். இன்னும் கொஞ்சம் டைம் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்தது. மழைக்கு அப்புறம் நல்ல வெயில். பயிர் சும்மா திமிறிக்கொண்டு வளர்ந்தது. அக்கா போட்ட கணக்குக்கு முன்னாலேயே மேட்டுப் பாதியில் கொடி நுனிகள் கிளம்பின. மெல்லிசாக, வெளிர்பச்சையாக, காற்றில் எதையோ தேடிக்கொண்டு ஆடின. பிடிக்கக் கம்பு கிடைக்காமல் ஒன்றை ஒன்று சுற்றின.

அக்கா காலையில் அவர் எழுவதற்கு முன்னால் போய் நுனியைக் கிள்ள ஆரம்பித்தாள். ஒவ்வொரு செடியாக, வரிசை வரிசையாக. கிள்ளின நுனியை மடியில் கட்டிக்கொண்டு வந்து மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். ஒரு வரிசை கிள்ளி முடித்தால், முன்னே கிள்ளின வரிசையில் பக்கத்துக் கணுவிலிருந்து புது நுனி வந்திருக்கும். முதலில் அவள் தனியாகத்தான் கிள்ளினாள். ஒரு நாள் இடுப்பு வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மறுநாளிலிருந்து நானும் போனேன்.

"இப்படிக் கிள்ளினா காய்க்குமாக்கா?"

"எங்க காய்க்கும்? பாதி கூட வராது."

"அப்ப?"

"இந்த மாசக் கடைசி வரைக்கும் செடியா இருந்தாப் போதும்."

விளைகிற பயிரைத் தன் கையாலேயே கிள்ளிப் போடுகிற வேதனை அவளுக்கு இருந்தது. கிள்ளும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். கீழ்ப்பாதியில் அவளுடைய கொடிகள் கம்பின் பாதிக்கு ஏறிப் பூவும் விட்டிருந்தன. மேட்டில் அதே விதை கட்டையாக, குட்டையாக, புதர் மாதிரி நின்றது. மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "முழங்கால் உசரம். சொன்னேன்ல?" என்பார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வெளிநாடு போய் வந்த ஆள் இவ்வளவு வெகுளியா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு கோணியில் உடைசலும் கல்லுமாகக் கலந்த பயறு கிடந்தது. பேசிக்கொண்டே கையை அதில் விட்டார். மருந்துக்கடை, மழை, மெஷின் என்று என்னென்னவோ பேசினார். பேச்சு முடிந்தபோது கல் ஒரு குவியல், உடைந்தது ஒரு குவியல், நிறம் மாறினது ஒரு குவியல், நல்லது ஒரு குவியல். அவர் ஒரு தடவை கூடக் கீழே பார்க்கவில்லை.

"மாமா, இது எப்படி?"

அவர் தன் கையை அப்போதுதான் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டு, "பழக்கம்" என்று எழுந்து போய்விட்டார்.

மாசக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் நானும் அக்காவும் மேட்டுக்குப் போனோம். ஒரே ராத்திரியில் நுனிகள் விரல் நீளத்துக்கு எகிறியிருந்தன. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மண் சேறாக இருந்தது. அக்கா குனிந்தாள். அப்போது பின்னால் காலடி கேட்டது.

மாமா தலையில் ஒரு கட்டுக் கம்போடு வந்து நின்றார். கட்டைத் தொப்பென்று வரப்பில் போட்டார். எல்லாம் புதிதாக வெட்டினது. கூர் சரியாகச் சீவத் தெரியாமல் சீவியிருந்தார்.

அக்கா கையில் கிள்ளின நுனியோடு நிமிர்ந்தாள். ஒளிக்க இடமில்லை.

"கம்பு எதுக்கு?" என்றாள்.

"கொடிக்குக் கம்பு வேண்டாமா?"



"எப்பத் தெரியும்?" என்றாள் அக்கா.

"மொளச்ச அன்னைக்கே. தலையில தோலு ஒட்டிக்கிட்டு வந்துச்சே. சிவப்புப் புள்ளி. நான் கொண்டு வந்தது வெள்ளை."

"அன்னைக்கேவா?"

"ஒன்பது வருஷமா நான் பண்ணின வேலை அது ஒன்னுதான். வெள்ளையில கலர் கலந்திருந்தா எடுத்துப் போடறது." கையை வேட்டியில் துடைத்தார். "அன்னைக்கு மத்தியானமே மேஸ்திரிகிட்ட வரலன்னு சொல்லிட்டேன்."

அக்கா வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு அவளுக்கு வந்த கோபத்தை நான் அந்த வீட்டில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அன்னைக்கே சொல்லிட்டீங்களா? அப்ப நான்? தினமும் விடியறதுக்கு முன்னாடி வந்து, இடுப்பு ஒடிய, என் பயிர நானே கிள்ளி… மனுஷனாய்யா நீ? வேடிக்கை பாத்தியா? முழங்கால் உசரம், முழங்கால் உசரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா கம்பு நட்டிருப்பேனே! பாதி வெள்ளாமை போச்சே!"

அதுவரை நீங்க என்றே பேசியவள் அன்றைக்குத்தான் நீ என்றாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். "போகாதன்னு சொல்லுவன்னு. முதல் நாள் நீ கிள்ளறத ஜன்னல்லேர்ந்து பாத்தேன். எனக்காக ஒருத்தி இப்படிக் குனியறாளேன்னு இருந்துச்சு. அத நிறுத்தறதுக்கு மனசு வரல. தப்புதான். மகா தப்பு."

"விதை மொளைக்காதுன்னு உனக்கே தெரியலையா? அவ்வளவு பெரிய காட்டுல இருந்துட்டு?"

"எந்தக் காட்டுல?" என்றார்.

அவர் வரப்பில் உட்கார்ந்தார். சேறு என்று பார்க்கவில்லை.

"நான் ஒரு செடியக் கூட கண்ணால பாத்தது கிடையாது. ஷெட்டுதான். ஜன்னல் இல்லாத ஷெட்டு. பெல்ட்டு வரும், பொறுக்கணும். இருட்டுல உள்ள போவோம், இருட்டுல வெளிய வருவோம். வேனும் நாலு பக்கமும் மூடினது. காடு எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது."

"அப்ப போன்ல? வாரா வாரம்? பூ விட்டுடுச்சு, பச்சப் பசேல்னு இருக்குன்னு?"

"லாரிக்காரன் ஒருத்தன் இருந்தான். மூட்டை எறக்க வருவான். அவன்கிட்ட கேட்டு வச்சுக்குவேன். நீதான் போன எடுத்ததும் கேப்பியே, அங்க பயிர் எப்படி இருக்குன்னு. பெல்ட்டு ஓடுதுன்னா சொல்றது? உனக்குச் சொல்ல எனக்கு வேற என்ன இருந்துச்சு?"

அக்காவின் கையில் இருந்த நுனி வாடித் தொங்கியது. அவள் அழுதாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மழை ஈரம் முகத்தில் இருந்தது. ஆனால் கோபம் இறங்கிவிட்டது தெரிந்தது. அவள் கம்புக் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு கம்பை எடுத்து, கூரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, முதல் செடிக்குப் பக்கத்தில் குத்தி அவர் கையில் பிடிக்கக் கொடுத்தாள். கிள்ளாமல் விட்ட ஒரு நுனியை எடுத்துக் கம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"அந்த ஷெட்டுல பக்கத்துல யாரு நிப்பாங்க?" என்றாள்.

"எனக்கு வலது பக்கம் ஒரு அம்மா. இடது பக்கம் ஆள் மாறிக்கிட்டே இருக்கும்."

"என்ன பேசுவீங்க?"

"பேசமுடியாது. மெஷின் சத்தம். கத்தினாலும் கேக்காது."

"ஒன்பது வருஷமுமா?"

"ஆமா."

அக்கா அடுத்த கம்பை எடுத்தாள். "சரி, அந்த அம்மாவப் பத்திச் சொல்லு" என்றாள். "நட்டுக்கிட்டே சொல்லு. மேட்டுப் பாதி முழுசும் கிடக்கு."